கடைசி வரியை வாசித்த ஊசி

திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டு இசைத்தட்டுக் கருவிக்குப் புதிதாக ஓர் ஊசி வந்து சேர்ந்தது. தட்டில் பதிந்திருக்கும் மூச்சொலியைக்கூடத் தவறவிடாமல் வாசித்துவிடும். ஆனால் அதன் குரல் மிக மெலிது. அந்தக் குரலை வாங்கிப் பெரிதாக்க ப்ரீ-ஆம்ப் என்ற பெட்டி ஒன்று வேண்டும்.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு ப்ரீ-ஆம்ப் இருந்தது. உரக்கப் பேசும் ஊசிகளோடு மட்டுமே பழகியது.

வீட்டுக்காரர் சித்திரைவேல் தனக்குப் பிரியமான தட்டைப் போட்டார். குஞ்சம்மாள் என்ற பாடகியின் தாலாட்டு. கொசு முனகுவதுபோல ஏதோ வந்தது.

"சத்தமாகச் சொல்லேன்!" என்று ப்ரீ-ஆம்ப் அதட்டியது.

"என் குரல் இவ்வளவுதான். காது கொடுத்துக் கேட்பது உன் வேலை" என்றது ஊசி.

"இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படி முணுமுணுத்ததில்லை."

"முணுமுணுத்திருப்பார்கள். உனக்குக் கேட்டிருக்காது."

சித்திரைவேல் மறுநாளே கடையில் இருந்ததிலேயே உரத்த ப்ரீ-ஆம்பைத் தூக்கிவந்தார். தாலாட்டு வீடு அதிர ஒலித்தது. கூடவே அந்தப் பெட்டியின் சொந்த இரைச்சலும் ஓயாமல் ஓடியது. வந்திருந்த நண்பர்களிடம் அவர், "என்ன உருக்கம் பாருங்க!" என்று பூரித்தார்.

ஊசி கொதித்துப்போனது. "பாட்டு முடிந்ததும் அவள் ஏதோ சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் அதை உன்னிடம் தருகிறேன். எங்கே அது?"

"என் இரைச்சலில் அமுங்கியிருக்கும். அதனாலென்ன? நான் இல்லாவிட்டால் நீ ஊமை."

"ஊமையாகவே இருந்திருக்கலாம்! அவள் சொல்வது கேட்கவில்லையே என்று யாராவது தேடியிருப்பார்கள். நீ போடும் கூச்சலில் எல்லாம் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்!"

சித்திரைவேலின் மனைவி பூங்கோதைக்கு அந்த இரைச்சல் பொறுக்கவில்லை. "பாட்டே போடல, இது பாட்டுக்குப் பேசிட்டே இருக்கே!" என்று பெட்டியைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோனாள்.

"இன்னும் சத்தமா வேணுமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"தட்டு ஓடாதப்ப வாயை மூடிட்டிருக்கறது எதுன்னு காட்டுங்க."

அவர் ஒரு சிறிய சாம்பல்நிறப் பெட்டியை இணைத்து, ஒலிக் குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. பூங்கோதை அதையே வாங்கிவந்தாள்.

புதிய பெட்டி ஊசியிடம் முதலில் கேட்டது ஒரு கேள்வி. "உன் மெல்லிய குரல் சரியாக வர, என் பக்கம் எவ்வளவு மின்பளு ஒத்துவரும்? சொல், அதற்கேற்ப மாறிக்கொள்கிறேன்."

ஊசியின் கோபம் தணியவில்லை. "நீயும் உன் சொந்தச் சரக்கைச் சேர்ப்பாயா?"

"நீ தருவதுதான். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை."

மாலையில் தாலாட்டு ஓடியது. பாட்டு முடிந்து சித்திரைவேல் எழப்போனபோது, களைத்து நடுங்கும் ஒரு பெண்குரல் வந்தது. ஒலிப்பதிவை நிறுத்த யாரோ மறந்திருக்க வேண்டும்.

"எட்டாவது தடவையும் பாடிட்டேன் சார். இப்பவாச்சும் விடுங்க. எம்புள்ளைக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது."

ஓர் ஆண்குரல் சொன்னது: "இன்னும் ஒரே ஒரு தடவை பாடும்மா. அந்த அழுகை நல்லா வருது."

சித்திரைவேல் ஊசியை எடுக்கக் கை நீட்டினார். "கடைசியில ஏதோ பேச்சு விழுந்திருக்கு. அதுக்கு முன்னாடியே ஊசியை எடுத்துடலாம்."

பூங்கோதையின் முகம் சிவந்துவிட்டது. "கையை எடுங்க! அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இத்தனை நாளும் உருக்கம் உருக்கம்னு கேட்டீங்களே! அந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க?"

ஊசி தட்டின் நடுவிலுள்ள கடைசி வரிவரை ஓடித் தேடியது. அதற்கு மேல் எதையும் யாரும் பதிவு செய்திருக்கவில்லை.