தண்ணீரில் நின்றவள்

‘உள்ளங்கைக் கண்’ என்று ஒரு குழு. அதற்கு ஊரும் கிடையாது, கட்டடமும் கிடையாது. போனுக்குள்ளேதான் இருந்தது. போனால் படம் எடுப்பவர்களும், எடுத்த படத்தைப் போனிலேயே மெருகேற்றுபவர்களும் அதில் இருந்தார்கள். பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு அங்கே இடமில்லை.

அந்தக் குழுவுக்கு ஓர் ஆசான். பெயர் மெஹர்நிஷா. முப்பது வயது ஆகவில்லை. முதலில் கிண்டலுக்குத்தான் ஆசான் என்று கூப்பிட்டார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

குழுவில் அவள் ஒரே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். யார் படம் போட்டாலும், அதற்குக் கீழே வெளிச்சம் எங்கே நின்றது என்று ஒரு வரி எழுத வேண்டும். ஜன்னல் இடப்பக்கம். டியூப்லைட் தலைக்கு மேலே. பார்ப்பவர்கள் அந்த வரியைப் படத்தோடு ஒட்டிப் பார்த்து, சரியா என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாராட்டு. ஆரம்பத்தில் எல்லோரும் கேட்டார்கள். குழு பெருகியபோது கேள்வி மெலிந்து, இதயம் போடுவது மட்டும் மிஞ்சியது.

தூத்துக்குடி ரெனிட்டா அந்தக் குழுவில் சேர்ந்தது மகன் ஜோயல் கைக்குழந்தையாக இருந்தபோது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் போன். பால் பாட்டிலில் விழும் வெயில், கொடியில் காயும் குட்டிச் சட்டைகள், கொசுவலைக்குள் தூங்கும் முகம் என்று எதையாவது எடுத்துக்கொண்டே இருந்தாள். கணவன் செல்வின் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அவனுக்கும் அந்தப் படங்கள்தான் பிள்ளை வளர்ந்த கதை.

ஜோயலுக்கு மூன்று வயதான பிறகு ஒரு நாள் குழுவைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

படத்தில் ஜோயல். கடற்கரையில் தனியாக நிற்கிறான். காலடியில் நுரை. எதிரே கடல், கடல், கடல். இமைக்காத இரண்டு கண்கள். மேலே ‘தனியே’ என்று தலைப்பு. கீழே, ‘வெளிச்சம்: சூரியன், பையனுக்கு நேர் எதிரே.’ எடுத்தவன் கிளாட்வின், குழுவிலேயே பேர்போன கை.

எடுத்தது அவளுக்குத் தெரியும். அந்தக் காலையில் அவன் கடற்கரைக்கு வந்திருந்தான். “அக்கா, தம்பியை ஒண்ணு எடுத்துக்கட்டா?” என்று கேட்டான். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஜோயல் கண்ணைக் கசக்கினான். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி அவனுக்கு எதிரே நின்றாள். பையன் நிமிர்ந்தான். கிளாட்வின் பக்கவாட்டிலிருந்து எடுத்தான்.

அவள் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர்தான் இருந்தது. விரலால் தேய்த்து அவளை எடுத்துவிட்டிருந்தான். மணலில் விழுந்திருந்த அவளுடைய நிழலையும் விட்டுவைக்கவில்லை. ஓர் அலை வந்து போனது மாதிரி சுத்தமாக இருந்தது.

கீழே இதயங்கள் குவிந்துகொண்டிருந்தன. “சூரியனையே முறைக்கிறான் பாருங்க!” “இந்தக் கண்ணுக்கே பரிசு கொடுக்கலாம்.”

ஆசானும் ஓர் இதயம் போட்டிருந்தாள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். யாரோ ஒருவர் அந்தப் படத்தை வெளியே எடுத்துப்போய், ‘அலை அடிக்கிற இடத்தில் பச்சைப் பிள்ளை. இதன் தாய் எங்கே?’ என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். தாய் எங்கே, தாய் எங்கே என்று ஊரே கேட்டது. போனில் மூழ்கிக் கிடப்பாள் என்றது ஒரு குரல். இதுகளெல்லாம் ஏன் பிள்ளை பெறுகின்றன என்றது இன்னொன்று. முகம் தெரியாத யாரோ ஒருத்தி, அந்தப் பிள்ளையை என்னிடம் கொடுங்கள், நான் வளர்க்கிறேன் என்று அழுதிருந்தாள்.

ரெனிட்டா அதற்குக் கீழே எழுதினாள். “நான் அங்கேதான் நின்னேன்.”

“ஆமாமா, ட்ரோன்ல நின்னு பாத்திருப்பாங்க” என்று பதில் வந்தது. அதற்குச் சிரிப்பு முகங்கள்.

மாதா கோவிலில் தெருவாரியாகக் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் போன் குழுவழியாகப் படம் மாமியார் கைக்கும் போய்ச் சேர்ந்தது. மாமி போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வாறேன். பிள்ளை துணிமணியை எடுத்து வை. இனி அவன் என்கிட்ட வளரட்டும்.”

“மாமி, நான் பக்கத்துலதான் நின்னேன். அந்தப் பையன் என்னை அழிச்சுட்டான்.”

“உன்னை எதுக்குளா ஒருத்தன் அழிக்கான்?”

செல்வின் கப்பலிலிருந்து ஒரே வரி அனுப்பினான். அம்மா சொல்றதைக் கேளு, படத்துலயே தெரியுதே.

படத்திலேயே தெரிகிறதாம். பத்து மாதம் சுமந்தது தெரியவில்லை. காய்ச்சலில் அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு கிடந்தது தெரியவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடியில் அவள் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கிளாட்வினைக் கூப்பிட்டாள். அவன் கோபப்படவே இல்லை, பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரிப் பேசினான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஃப்ரேம் சுத்தமா இருந்தாத்தான் படம் பேசும். நீங்க கொஞ்சம் இடிச்சீங்க.”

“நான் இடிச்சேனா?”

“ஆளா சொல்லல. கம்போசிஷனைச் சொல்றேன்.”

“பழைய படத்தைக் குடு.”

“அது மேலயே சேவ் பண்ணிட்டேன்க்கா. பழசு இல்ல.”

ரெனிட்டா ஜோயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அதே ஊரில் இருந்த ஆசான் வீட்டுக்குப் போனாள். மாடியறையில் ஆசான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாங்க அக்கா என்றவள், ரெனிட்டாவின் முகத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

“ஆசான், நான் எங்கே போனேன்?”

ரெனிட்டா எல்லாவற்றையும் கொட்டினாள். மாமி, செல்வின், ட்ரோன், துணிமணி. சொல்லச் சொல்ல அழுகை போய் ஆத்திரம் மட்டும் நின்றது.

“நீங்களும்தானே இதயம் போட்டீங்க?”

“போட்டேன்.”

“வெளிச்சம் எங்கேன்னு கேக்கச் சொல்லிக் குடுத்தது நீங்க. நீங்க கேட்டீங்களா?”

“கேக்கலை.”

ஆசான் போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். ஜோயலின் கன்னத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

“அக்கா, அன்னைக்கு ஏன் தண்ணியில இறங்கினீங்க?”

“அவனுக்குக் கண்ணு கூசுச்சு.”

ஆசான் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க” என்றாள் ரெனிட்டா. “ஒவ்வொருத்தர் காலிலயும் விழணுமா? நான் பெத்த பிள்ளை பக்கத்துல நான் நின்னேன்னு எப்படி நிரூபிக்கணும்? முதல்ல, நான் ஏன் நிரூபிக்கணும்?”

“நீங்க நிரூபிக்க வேண்டாம்.”

“பின்னே?”

“நீங்க இல்லைன்னு அவன் நிரூபிக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து மாமி வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை. ரெனிட்டா பிள்ளையின் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

“கடற்கரைக்கு வந்துட்டுப் போங்க மாமி. ஒரு படம் எடுக்கணும்.”

“இன்னும் படமா? உனக்கு வெக்கமே இல்லையா?”

ஆனால் வந்தார். பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். ஜோயல் பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு, ஆச்சி நண்டு காட்டுறேன், வா வா என்று இழுத்துக்கொண்டே நடந்தான். பின்னால் வந்த ரெனிட்டா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதன் வாரில் அவள் கை இல்லை.

கடற்கரையில் கிளாட்வின் காத்திருந்தான். ஆசான் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் வந்துவிடுவார்கள். சூரியன் கடலுக்கு மேலே கொஞ்சம் ஏறியிருந்தது, அந்தக் காலையைப் போலவே.

“அதே இடம்தானே?” என்றாள் ஆசான்.

“அதேதான்.”

“அதே படத்தை எடு. தனியே.”

“அவ்வளவுதானா ஆசான்?” அவன் சிரித்தான். ஜோயலைக் கொண்டுபோய் நுரையின் ஓரத்தில் நிறுத்தினான். ஆசான் ரெனிட்டாவின் முழங்கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினாள்.

“தம்பி, கடலைப் பாரு.”

ஜோயல் பார்த்தான். உடனே முகம் சுருங்கியது. கண்கள் இரண்டும் கோடாகிப்போயின.

“கண்ணைத் தொற ராஜா. அங்க பாரு, கப்பல்!”

அப்பா கப்பலா என்று ஜோயல் ஆசையாக நிமிர்ந்தான். வெயில் முகத்தில் அறைந்தது. முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டான்.

கிளாட்வின் இந்தப் பக்கம் போனான். அந்தப் பக்கம் போனான். குனிந்தான். மணலில் படுத்தான். பிஸ்கட் காட்டினான். ஒரு படத்திலும் கண் இல்லை. எழுந்து சட்டை மணலைத் தட்டிக்கொண்டான்.

“இன்னைக்கு மூடு சரியில்ல ஆசான். பரவாயில்ல, கண்ணை எடிட்ல தொறந்துக்கலாம். அதுக்கு டூல் இருக்கு.”

“யாரு கண்ணை வைப்பே?” என்றாள் ஆசான்.

ஜோயலின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ரெனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடுத்தவர் பிள்ளையை வெயிலில் நிறுத்தி வைத்துப் படம் சரியில்லை என்கிறான். இவன் கையைப் பார்த்துத்தான் ஊர் அவளுக்குத் தீர்ப்பு எழுதியது.

மாமிதான் முதலில் கத்தினார்.

“ஏளா ரெனிட்டா! பிள்ளை கண்ணுல தண்ணியா வடியுது. மரம் மாதிரி நின்னு பாத்துக்கிட்டு இருக்கே?”

ஆசான் பிடியை விட்டாள்.

ரெனிட்டா ஓடினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, முழங்கால் நனைய, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் நிழல் நீண்டு போய்ப் பிள்ளையின் தலைமேல் விழுந்தது.

ஜோயல் கையை எடுத்தான். ஒரு தடவை விம்மினான். பிறகு கண்ணைத் திறந்தான். பெரிதாக, இமைக்காமல், தாயைப் பார்த்தான்.

அதே கண்கள்.

மாமியின் கை ஜெபமாலையில் அப்படியே நின்றது. போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பேரனைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“எடுலே” என்றார் கிளாட்வினிடம். “இப்ப எடு.”

கிளாட்வின் எடுத்தான். எடுத்ததைப் பார்த்தான். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

“கண்ணு வந்துடுச்சு ஆசான். ஆனா இவங்க மறைக்கிறாங்க.”

“எதை மறைக்கிறாங்க?”

“இவங்க...” கிளாட்வின் நிமிர்ந்து பார்த்தான். தண்ணீரில் நிற்பவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தான். “சூரியனை” என்றான்.

அலை வந்தது, போனது. ரெனிட்டா நகரவில்லை.

மாமி துணிப்பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை போனார். ஜோயலின் கன்னத்தைத் துடைத்தார். துண்டைத் திரும்பப் பைக்குள் வைத்து, பையை ரெனிட்டாவிடம் நீட்டினார்.

“பிடி. என்னால சுமக்க முடியல.”

ரெனிட்டா வாங்கிக்கொண்டாள். “செல்வின்கிட்ட யாரு சொல்லுவா மாமி?” என்றாள். குரல் இன்னும் இறங்கவில்லை.

“நான் சொல்லுதேன். படத்துலயே தெரியுதுன்னு சொன்னான்லா? அவன் கண்ணுலயும் கொஞ்சம் வெயில் படட்டும்.”

கிளாட்வின் ஆசான் பக்கத்தில் போய் நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“தப்புத்தான் ஆசான். அந்தப் படத்தை இப்பவே அழிச்சிடறேன்.”

கரையேறி வந்த ரெனிட்டா கேட்டுவிட்டு நின்றாள். அழித்துவிடுவானாம். தேய்த்தால் போய்விடுமாம், அவளை எடுத்த மாதிரி. கேட்டவர்களும் சிரித்தவர்களும் நான் வளர்க்கிறேன் என்று அழுதவளும் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஆசான் சொன்னாள். “நீ அழிச்சது போதும், கிளாட்வின். அது அங்கேயே கிடக்கட்டும். பக்கத்துல இதை நிக்க வை.”

“அதுக்குக் கீழே எல்லாரும் எழுதினது?”

“கிடக்கட்டும்.”

“நீங்க போட்ட இதயம், ஆசான்?”

“அதையும் எடுக்க மாட்டேன்” என்றாள் ஆசான். “எல்லாரும் பாக்கட்டும்.”