பதினாறு சேனல் ரிமோட்

வறண்ட கண்மாயில் குட்டி விமானப் போட்டி. சங்கத் தலைவர் குலசேகரன், புதிதாக வாங்கிய பதினாறு சேனல் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். தையல்காரி தவமணியின் நாலு சேனல் ரிமோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, இந்தச் சோப்பு டப்பாவை வச்சு என் விமானத்தை அசைச்சுடு பார்ப்போம். கோப்பையே உனக்குத்தான்!"

அந்த விமானம் போன மாதம் தவமணி அவருக்கு விற்றதுதான்.

"முதல்ல நீங்க அசைங்க தலைவரே," என்றாள் பவ்யமாக.

தலைவர் எல்லாக் குச்சியையும் தள்ளினார். விமானம் சட்டை செய்யவில்லை. தவமணி தன் ரிமோட்டைத் தொட்டாள். விமானம் வாலை ஆட்டிவிட்டு ஜிவ்வென்று ஏறியது.

"புது ரிமோட்டோட வந்த ரிசீவர் எங்கே?"

"அந்தச் சுண்டுவிரல் சாமானா? வீட்டு ஷோகேஸ்ல."

"விமானத்துல இன்னும் என் ரிசீவர்தான் இருக்கு. உத்தரவு போடப் பெரிய வாய் வாங்கினீங்க, கேட்கிற காதை வீட்டுல வச்சுட்டீங்க. கோப்பையை ஓரமா வைங்க தலைவரே, என் கை ரெண்டும் வேலையா இருக்கு."