காரி கரையேறிய நேரம்

காட்டோரத்துக் குளத்தில் காரி என்ற எருமை கழுத்தளவு நீரில் படுத்திருந்தது. அப்போதுதான் கண்ணை மூடியது. அதற்குள் கோரைப் புதரிலிருந்து ஓர் அலறல்!

"ஐயையோ! மறுபடியும் என் கூட்டைப் பிய்த்துவிட்டதே!"

கானாங்கோழியின் குரல். காரி கண்ணைத் திறக்கவில்லை. என்ன நடந்திருக்கும் என்று அதற்குத் தெரியும்.

எல்லாம் மொச்சை என்ற நாய்க்குட்டியின் வேலை. காட்டு வழியே வண்டியில் போன யாரோ அதைக் குளக்கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் காரியின் கன்றைச் சிறுத்தை தூக்கிப் போயிருந்தது. காரியின் மடி கனத்து வலித்தது. குட்டி பசியில் முனகியது. காரி கரையில் சாய்ந்து படுத்தது. குட்டி வந்து குடித்தது. அன்றிலிருந்து இரண்டுக்கும் ஒட்டுதல்.

பிறகு குட்டிக்குப் பல் உறுதிப்பட்டது. தாமரை இலைகளைக் கிழித்தது. ஆமை வெயில் காயும் கட்டையைக் கடித்துத் துண்டாக்கியது. காரியின் வாலைக்கூட விடவில்லை. யாராவது அலறினால் காரி பெருமூச்சோடு கரையேறும். "வா, வந்து குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கிட" என்று படுக்கும். குட்டி குடிக்கும் வரை குளத்தில் அமைதி நிலவும். அந்த அமைதிக்காகக் காரி எதையும் கொடுத்திருக்கும்.

இன்று கானாங்கோழி விடுவதாக இல்லை.

"காரியக்கா, இது மூன்றாவது கூடு! நான்காவதைக் கட்டி அதில்தான் முட்டையிட வேண்டும். அதற்கு மேல் என் உடம்பில் தெம்பில்லை!"

"பாலைக் குடித்துப் பல்லைத் தீட்டுகிறது!" என்றது தவளை. "நல்ல வளர்ப்பு, அக்கா! நல்ல வளர்ப்பு!"

குளத்து உயிர்கள் எல்லாம் கூடிப் பேசின. முடிவு சொன்னது கானாங்கோழி.

"இன்னொரு கூடு பிய்ந்தால், குட்டி குளத்தைவிட்டு மூங்கில் காட்டுக்குப் போய்விட வேண்டும்!"

காரிக்குத் திக்கென்றது. மூங்கில் காட்டில்தான் சிறுத்தை இருந்தது.

எல்லாம் கலைந்து போயின. மொச்சை வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வாயோரத்தில் கோரைத் துணுக்குகள்.

"எருமையம்மா! பால்!"

"ஏன்டா இப்படிச் செய்தாய்?" என்றது காரி. அதட்டக்கூட அதற்குத் தெம்பில்லை.

"பசித்தது."

"பசித்தால் கூட்டையா தின்பார்கள்?"

"கூட்டை யார் தின்றார்கள்? கூட்டைப் பிய்த்தால் கானாங்கோழி கத்தும். அது கத்தினால் நீ கரைக்கு வருவாய். நீ வந்தால் பால்!" ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னது குட்டி.

"பேசாமல் வந்து கேட்டிருக்கக் கூடாதா?"

"காலையிலிருந்து கரையில் சும்மாதானே படுத்திருந்தேன்! நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே!"

உண்மைதான். குட்டி அடங்கிக் கிடக்கும்போதெல்லாம் 'அப்பாடா' என்று காரி நீருக்குள் அமிழ்ந்துவிடும். அந்தக் கரையில்தான் முன்பு அதன் கன்றும் படுத்திருக்கும். அங்கே பார்க்காமல் இருப்பதே காரிக்கு ஓர் ஓய்வு.

காரி எழுந்தது, கரைக்குப் போகவில்லை. குளத்தின் நடுவுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றது.

மொச்சை ஊளையிட்டது. இலைகளைக் கிழித்தது. சேற்றை வாரி இறைத்தது.

"எதையாவது கொடுத்துத் தொலை, அக்கா!" என்று கத்தியது தவளை. "என் காது போகிறது!"

"கொடுத்துக் கொடுத்துத்தான் இந்த நிலைமை."

"கல்நெஞ்சக்காரி!"

காரியின் மடி விண்விண் என்று தெறித்தது. வெயில் சாய்ந்தது. குட்டி கத்திக் கத்தி ஓய்ந்து, முன்கால்களின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது.

உடனே காரி திரும்பியது. சேற்றில் கால் புதையப் புதைய நடந்து வந்து படுத்தது.

"இப்போது குடி."

"நான் ஒன்றுமே செய்யவில்லையே!" என்று விழித்தது மொச்சை.

"அதனால்தான்."

ஒரே நாளில் திருந்திவிடுமா குட்டி? மறுநாள் இன்னும் அதிகமாக ஆடியது. காரியின் காதைக் கடித்தது. கடிக்க ஒரு காய்ந்த கிளையை எடுத்துப் போட்டது காரி. அதில் பல்லின் தினவு கொஞ்சம் அடங்கியது. மூன்றாம் நாள் குட்டி சமர்த்தாகப் படுத்திருந்த நேரத்தில் காரி கண்ணயர்ந்துவிட்டது. குட்டி நேராகக் கோரைக்குப் போய்விட்டது! நல்லவேளை, அங்கே புதுக் கூடு இன்னும் எழும்பவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. குட்டி அடங்கும்போதெல்லாம் குளிர்ந்த நீரைவிட்டு எழ வேண்டும். கன்று ஈன்ற நாளில்கூடக் காரி இவ்வளவு களைத்ததில்லை.

கானாங்கோழி நான்காவது கூட்டைக் கட்டியது. ஐந்து முட்டைகள் இட்டு அடைகாத்தது.

ஒரு நண்பகலில் கோரைக்குள்ளிருந்து ஐந்து கறுப்புக் குஞ்சுகள் தத்தித் தத்தி வெளியே வந்தன. மொச்சை துள்ளி எழுந்தது. ஒரே பாய்ச்சலில் கோரையருகே போய்விட்டது! தவளை நீருக்குள் குதித்தது.

"காரியக்கா!" என்று அலறியது கானாங்கோழி. சிறகை விரித்துக் குறுக்கே நின்றது.

காரியின் கால்கள் ஓடத் துடித்தன. ஆனால் அலறலுக்கு ஓடிவரும் எருமையைத்தானே குட்டி முன்பெல்லாம் கண்டிருந்தது? இப்போது ஓடினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். காரி அசையவில்லை. அதன் வாழ்நாளில் அதைவிடக் கடினமான வேலையை அது செய்ததில்லை.

குட்டி ஒரு முன்காலைத் தூக்கியபடி நின்றது. உடம்பெல்லாம் நடுங்கியது. ஒரு குஞ்சு அதன் மூக்கின் கீழே நடந்து போனது. மொச்சை காரியைப் பார்த்தது. காரி மொச்சையைப் பார்த்தது.

குட்டியின் பின்பாகம் மெல்லத் தாழ்ந்தது. அது படுத்துவிட்டது.

குஞ்சுகள் ஐந்தும் நீரில் இறங்கி முடிப்பதற்குள் காரி கரையேறியிருந்தது.

"சரி, இங்கேயே இருக்கட்டும்" என்றது கானாங்கோழி, மூச்சு வாங்க. "ஆனால் என் கண் அதன் மேலேயேதான் இருக்கும்!"

"என் கண்ணும்தான்" என்று சொல்லிவிட்டுக் காரி சாய்ந்து படுத்தது.

அடங்கியிருக்கும்போது நாம் கவனிக்காத குட்டி, அட்டகாசம் செய்தாவது நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.