அழுங்கு சுனைக்குப் போன கதை

மலையடிவாரக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. உடம்பு முழுக்கச் செதில். வாயில் ஒரு பல் கூடக் கிடையாது. எறும்பையும் கறையானையும் நக்கித் தின்று, தன் வளையில் கிடக்கும்.

அந்தக் கோடையில் ஓடையெல்லாம் வற்றிவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சுனை. அதைச் சிறுத்தை பிடித்துக்கொண்டது. பெரிய மிருகங்களை அது தடுக்கவில்லை. சின்னப் பிராணி வந்தால் மட்டும், "என் சுனையில் வாய் வைக்க நீ யார்?" என்று பாய்ந்தது.

ஒருநாள், முயலளவே இருக்கும் சருகுமானின் குட்டி தாகம் தாங்காமல் சுனைக்கு ஓடியது. திரும்பி வரவில்லை. தாய் சருகுமான் புதரோரம் நின்று கதறியது. அதைக் கேட்ட அழுங்குக்கு வயிறு எரிந்தது.

"ஆண்டவரே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்? இந்த அநியாயத்தைக் கேட்க இந்தக் காட்டில் ஒருத்தரும் இல்லையா?" என்று வானத்தைப் பார்த்துக் கத்தியது.

"நீ இருக்கிறாய். போய்க் கேள்" என்றது ஒரு குரல்.

அழுங்கு திடுக்கிட்டது. அடுத்த கணமே அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானா? பல் இல்லாதவனைச் சிறுத்தையிடம் அனுப்புவது என்ன நியாயம்? எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. யானை இருக்கிறது, காட்டெருமை இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறீரே!"

"அந்தக் கதறலை அவர்களும் கேட்டார்கள். உனக்குத்தான் வயிறு எரிந்தது. போ. நானும் உன்னோடு வருகிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே அழுங்கு கிளம்பியது. வழியில் காட்டெருமை அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தது.

"என்னோடு வாருங்கள் அண்ணே. சும்மா பக்கத்தில் நின்றால் போதும்."

"எனக்குத் தண்ணீர் கிடைக்கிறது தம்பி. ஊர் வம்பு எனக்கெதற்கு?" என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இவ்வளவு பெரிய கொம்பு எதற்கு முளைத்ததோ" என்று பொருமியபடி அழுங்கு தனியாக நடந்தது.

சுனைக்கரையில் சிறுத்தை கால் நீட்டிப் படுத்திருந்தது. அழுங்கின் கால்கள் வெடவெடத்தன. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சில் முக்கால்வாசி மறந்துபோனது.

"சுனை உன்னுடையது இல்லை. அதை ஊற வைத்தவர் வேறு. தண்ணீர் எல்லாருக்கும்" என்றது, திக்கித் திக்கி.

சிறுத்தை சிரித்தது. "எறும்பு தின்கிற பயல் எனக்குப் புத்தி சொல்கிறாயா?"

சொல்லிக்கொண்டே ஓங்கி ஓர் அறை விட்டது. அழுங்கு பயத்தில் பந்துபோலச் சுருண்டது. சிறுத்தை கடித்துப் பார்த்தது, பல் வலித்தது. நகத்தால் பிறாண்டியது, ஒரு செதில் பெயர்ந்து ரத்தம் வந்தது. சுருண்டுவிட்டோமே என்று அழுங்கு வெட்கத்தில் குன்றியது. ஆனாலும் அந்தப் பந்துக்குள்ளிருந்து, "தண்ணீர் எல்லாருக்கும், தண்ணீர் எல்லாருக்கும்" என்ற குரல் மட்டும் ஓயவில்லை.

புதருக்குள்ளிருந்து தாய் சருகுமான் இதைப் பார்த்தது. மெல்ல வெளியே வந்தது. சிறுத்தை அந்தப் பந்தைப் பிறாண்டிக்கொண்டிருக்கையிலேயே, அதன் கண்ணெதிரில் நடந்துபோய்த் தண்ணீரில் வாய் வைத்தது. அதன் பின்னால் முயல்கள் வந்தன, முள்ளம்பன்றி வந்தது, கீரிகள் வந்தன. கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காட்டெருமையும் வந்து, சின்னப் பிராணிகளுக்கு முன்னால் குறுக்கே நின்றது.

சிறுத்தை சுற்றிலும் பார்த்தது. உறுமிவிட்டு மலையேறிப் போய்விட்டது.

அழுங்கு மெல்ல உடம்பை விரித்தது. அதன் கோபம் இன்னும் ஆறவில்லை.

"சொன்னேனே ஆண்டவரே, கேட்டீரா? பயந்து சுருண்டுவிட்டேன். பேச வேண்டியதையும் மறந்துவிட்டேன். நீர் ஆள் தெரியாமல் அனுப்பிவிட்டீர்."

"உன்னை உண்டாக்கியவருக்கா உன்னைத் தெரியாது? சுருண்டாய், சரி. சொல்வதை நிறுத்தினாயா?"

அழுங்கு செதில் பெயர்ந்த இடத்தை நக்கிக்கொண்டது.

"போ, தாகமாயிருப்பாய். தண்ணீர் குடி."

சருகுமான் நகர்ந்து அதற்கு இடம் விட்டது.

நம் குறையெல்லாம் தெரிந்துதான் கடவுள் நம்மை அழைக்கிறார். ஆகவே குறையைச் சாக்குச் சொல்லி நிற்காமல், நடுங்கும் காலோடாவது கிளம்பிவிட வேண்டும்.