ராஜா செத்துப் பிழைத்த படம்

வசனம் எழுதியே பேர் வாங்கிய உலகநாத வாத்தியார், வாயே திறக்காத படம் எடுக்கப் போனது ஊரே சிரித்த கதை. முப்பது நாடகம் எழுதியவர். முப்பதிலும் நாயகன் கடைசியில் செத்துப்போவான். சனங்கள் அழுது தீர்த்துவிட்டு, "ஒன்ஸ் மோர்!" என்று கத்துவார்கள். உடனே பிணம் எழுந்து, இன்னொரு தரம் பாடி, இன்னொரு தரம் சாகும். சில ஊர்களில் ஒரே ஆட்டத்தில் நாலு சாவுகூட உண்டு.

ஊமைப் படம் வந்ததும் நாடகக் கொட்டகையில் ஈ ஓட்டினார்கள். வாத்தியார் இருந்ததையெல்லாம் விற்று, படம் பிடிக்கவும் காட்டவும் ஆகிற, கையால் சுற்றுகிற படப்பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கொன்றைப்பட்டி அரண்மனையை அண்டினார்.

"ஓய் வாத்தியாரே! படத்துல நான்தான் நாயகன்" என்றார் ராஜா குமாரப்ப நாயக்கர். "நான் சாகணும். சனம் மாருல அடிச்சிக்கிட்டு அழணும்."

"உத்தரவு, மகாராஜா."

அரண்மனை ஜோசியர் பஞ்சநதம் சும்மா இருப்பாரா? படப்பெட்டி வந்த நாள் முதல் ராஜா ஜாதகத்தையே தொடவில்லை, பரிகாரமென்று கறந்த காசும் நின்றுபோச்சு என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா! திரையிலே செத்தாலும் சாவு சாவுதான். படம் முடியறச்சே நீங்க பிணமாக் கிடந்தா சமஸ்தானத்துக்கே ஆகாது!"

ராஜா மீசையை நீவினார். "அப்போ நான் சாகவும் வேணும், முடியும்போது உயிரோட இருக்கவும் வேணும். சாமி வந்து எழுப்புறது, மூலிகை கொடுக்கிறது எல்லாம் கூடாது. தப்பினா பெட்டி கிணத்துல, நீர் எல்லைக்கு வெளியில!"

பெட்டி போனால் பிழைப்பே போச்சு. வாத்தியாருக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சிரித்த முகமாக ஜோசியர் வீட்டுக்குப் போனார்.

"சாமி, நீங்க இல்லாம படமா? ராஜகுருவா வரணும்."

ஜோசியர் குளிர்ந்துபோனார். "என்ன நடிக்கணும்?"

"விருந்துல உட்கார்ந்து சாப்பிடணும்."

அதைச் சொல்லித்தர வேண்டுமா? நட்சத்திரத்துக்கு ஒன்றாக இருபத்தேழு லட்டு உள்ளே போயிற்று.

படம் தயாராயிற்று. கொட்டகை நிறைந்தது. திரையில் முதலில் விருந்து, அப்புறம் போர். அம்பு மார்பில் தைத்து ராஜா சாய்ந்தார். சனம் கதறியது. பக்கத்தில் புருஷன் உயிரோடு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க, ராணியம்மாவும் விம்மி விம்மி அழுதார். பழைய நாடகப் பித்தன் ஒருவன் வழக்கம் மாறாமல் கத்தினான்: "ஒன்ஸ் மோர்!"

இதற்காகத்தானே வாத்தியார் காத்திருந்தார்! பெட்டியின் பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினார்.

அம்பு மார்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு எதிரியின் வில்லுக்கே திரும்பிப் போயிற்று. ராஜா எழுந்தார். குதிரை பின்பக்கமாகவே ஓடி அரண்மனைக்கு வந்தது. அங்கே விருந்து. ராஜகுருவின் வாயிலிருந்து ஒரு லட்டு முழுசாக வெளியே வந்து இலையில் உட்கார்ந்தது. இன்னொன்று. சனம் எண்ண ஆரம்பித்தது. இருபத்தேழும் இலைக்கு வந்த பிறகுதான் வாத்தியார் நிறுத்தினார். திரையில் ராஜா உயிரோடு, வெற்றிலை போட்டபடி நின்றார்.

ஜோசியர் துள்ளி எழுந்தார். "அக்கிரமம்! ராஜா எழுந்ததோட நிறுத்தப்படாதா? நான் தின்னதை ஏன் ஓய் கக்க வெச்சீர்?"

வாத்தியார் கைகூப்பினார். "என்ன சாமி பண்றது? சமஸ்தானம் பிழைக்கணும்னா, நீங்க தின்னதெல்லாம் திரும்பி வந்துதானே ஆகணும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கைக் காப்பைக் கழற்றி வாத்தியாருக்குப் போட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ஜோசியரைப் பார்த்தபடியே கத்தினார்:

"ஒன்ஸ் மோர்!"