ஊசிமணியின் சைக்கிளும் அப்பாவின் கிழங்கும்

மூங்கில் காட்டில் கூரப்பன் என்ற முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது. அதற்கு ஒரே மகள். பெயர் ஊசிமணி.

ஊசிமணி படித்த பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய இலுப்பை மரத்தடியில் இருந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எந்தக் குட்டி முதலில் வருகிறதோ, அதுதான் அன்றைக்கு மணி அடிக்கும். கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஓங்கி அடித்தால் காடு முழுவதும் கேட்கும். மான்குட்டி அடித்திருக்கிறது. அணில்கூட அடித்திருக்கிறது. ஊசிமணி மட்டும் ஒருநாளும் அடித்ததில்லை.

காரணம், நரியின் வண்டி.

நரி ஒரு கழுதை வண்டி வைத்திருந்தது. குட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடும். கூலியாக ஒவ்வொரு குட்டியின் தூக்குச்சட்டியிலும் பாதிச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளும். அதோடு விட்டதா? ஓடைக்கரை நாவல் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, நிதானமாக ருசி பார்த்துத் தின்னும். தின்று முடிப்பதற்குள் அக்கரையில் மணி அடித்துவிடும்.

"நாளைக்காவது சீக்கிரம் போங்க மாமா!" என்று கெஞ்சும் ஊசிமணி.

"அவசரப்பட்டா சாப்பாடு செரிக்காதும்மா!" என்று ஏப்பம் விடும் நரி.

தினமும் மகள் வாடிய முகத்தோடு திரும்புவதைக் கூரப்பனால் பார்க்க முடியவில்லை. ஒரு சந்தை நாளில் சின்னஞ்சிறு சிவப்பு சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தது.

ஊசிமணி வாசலிலேயே குதித்தது. "எனக்காப்பா? எனக்கே எனக்கா?"

"உனக்கேதான்! இனிமே நீயே ஓட்டிக்கிட்டுப் போகலாம். மணியும் அடிக்கலாம்!"

விஷயம் அன்றைக்கே நரியின் காதுக்கு எட்டியது. ஒரு தூக்குச்சட்டி கைவிட்டுப் போகிறதே! உடனே கிளம்பி வந்தது.

"என்ன கூரப்பண்ணே, பச்சப்புள்ளைக்கு சைக்கிளா? ஓடைப் பாலத்தை மறந்துட்டீங்களா? பிடிச்சுக்கக் கம்பிகூடக் கிடையாது. கொஞ்சம் சாய்ஞ்சா போதும், தொபுக்கடீர்! நான் ஒண்ணும் சொல்லல. அப்புறம் உங்க இஷ்டம்!"

நரி போய்விட்டது. அந்தத் 'தொபுக்கடீர்' மட்டும் கூரப்பனின் வயிற்றுக்குள் தங்கிவிட்டது.

மறுநாள் காலை புல்வெளியில் பழக ஆரம்பித்தார்கள். மற்றக் குட்டிகள் பழகும்போது பின்னால் சீட்டைப் பிடித்துக்கொள்ள யாராவது இருப்பார்கள். முள்ளம்பன்றிக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? அதனால் கூரப்பன் பக்கத்திலேயே ஓடியது. ஓடிக்கொண்டே தைரியம் சொன்னது.

"அப்படித்தான்! மிதி, மிதி! பார்த்து! ஐயோ, கல்லு! பார்த்து, பார்த்து! விழுந்துடாதே!"

ஊசிமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து விரிந்தது. வால்பக்கத்து முள் ஒன்று பின் டயரில் ஏறியது.

புஸ்ஸ்ஸ்!

பங்ச்சர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். மறுபடியும் ஊசிமணி ஏறியது. மறுபடியும் கூரப்பன் தைரியம் சொன்னது. மறுபடியும் புஸ்ஸ்ஸ்! அடுத்த நாளும் அதே கதைதான். வழியெல்லாம் கருவேல முள் என்று கூரப்பன் பாதையைத் திட்டியது.

வண்டியில் போன நரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சைக்கிள் விற்றவன் உங்களை நல்லா ஏமாத்திட்டான் அண்ணே! நாளையிலேர்ந்து வழக்கம்போலத் தூக்கை அனுப்பிடுங்க. கிழங்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வேகட்டும்!"

பங்ச்சர் கடை வைத்திருந்த குரங்கு டயரைக் கழற்றித் தடவிப் பார்த்தது. உள்ளே சிக்கியிருந்த ஒரு முள்ளை உருவி நீட்டியது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட முள்!

"மாமா, இது கருவேல முள் இல்ல. உங்க வீட்டுச் சொத்து! இனிமே பாதையைத் திட்டாதீங்க!" என்று பல்லைக் காட்டியது.

வீடு வரும்வரை கூரப்பன் புலம்பிக்கொண்டே வந்தது. "முள்ளை ஏன்மா சிலிர்க்க விடுறே? கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?"

"நானா விடுறேன்? நீங்க கத்துறீங்க, அது எந்திரிக்குது!"

"நான் எங்கே கத்தினேன்? தைரியம்தானே சொன்னேன்!"

கூரப்பன் முற்றத்துக்கு வந்து, கிழங்கு மூட்டையில் சாய்ந்து, 'அப்பாடா' என்று காலை நீட்டும்வரை ஊசிமணி பொறுத்திருந்தது. பிறகு காதருகே போய்க் கத்தியது.

"அப்பா! பார்த்து! பார்த்து! ஐயோ, விழுந்துடாதீங்க!"

கூரப்பனின் உடம்பெல்லாம் முள் நட்டுக்கொண்டது. சாக்கு சல்லடைக் கண்ணாய்க் கிழிந்தது. கிழங்குகள் முற்றமெங்கும் உருண்டோடின.

"உட்கார்ந்திருக்கிறவன் எப்படி விழுவேன்?" என்று சீறியது கூரப்பன்.

"அதையேதான் நானும் கேக்குறேன். ஒழுங்கா ஓட்டிக்கிட்டிருந்த நான் ஏன் விழுவேன்?"

கூரப்பன் முதுகில் தொங்கிய சாக்கைப் பிய்த்து எறிந்தது. அப்போதுதான் அதற்குப் புரிந்தது. நரி கூரப்பனின் வயிற்றில் போட்டுவிட்டுப் போன பயத்தை, தைரியம் என்று பேர் சொல்லிக் கூரப்பனே மகளின் காதில் ஊதியிருக்கிறது!

"இனிமே வாயே திறக்க மாட்டேன்!" என்றது.

"உங்களால முடியாதுப்பா!" என்றது ஊசிமணி.

உண்மைதான். தன் வாயைப் பற்றிக் கூரப்பனுக்கும் தெரியும். அதனால் உருண்டு கிடந்தவற்றில் பெரிய வள்ளிக்கிழங்காக ஒன்றைப் பொறுக்கி வாயில் திணித்துக்கொண்டது. அன்று மாலை புல்வெளியில் கிழங்கும் வாயுமாகப் பக்கத்தில் ஓடியது. ஊசிமணி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றும் சுற்றியது. டயரில் காற்று அப்படியே இருந்தது!

மறுநாள் காலை ஊசிமணி தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறியது. கூரப்பன் புதுக் கிழங்கோடு ஓடைக்கரை வரை உடன் ஓடியது.

நாவல் மரத்தடியில் நரியின் வண்டி நின்றது. குட்டிகள் வண்டிக்குள் காத்துக் கிடந்தன. சைக்கிளைக் கண்டதும் நரி சட்டிமூடியும் கையுமாக எழுந்தது.

"ஏய், ஊசிமணி! பாலம் ஆடுது பார்! கீழே தண்ணி எவ்வளவு ஆழம் பார்! விழப்போறே! தொபுக்கடீர்!"

ஊசிமணி பாலத்தின் முனையில் காலை ஊன்றி நின்றது. அதன் முள் பாதி எழும்பிவிட்டது. 'பார்த்து!' என்ற சொல் கூரப்பனின் தொண்டையைத் தாண்டி வந்து கிழங்கில் முட்டி நின்றது. கிழங்கை நறுக்கென்று கடித்துக்கொண்டு, 'போ, போ' என்று கையை மட்டும் ஆட்டியது.

ஊசிமணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. கன்னம் இரண்டும் பந்துபோல உப்பியிருந்தன. கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. ஒரு முள் பாக்கியில்லாமல் எல்லா முள்ளும் விறைத்து நின்றன. ஆனால் வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை!

ஊசிமணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கலகலவென்று சிரித்தது. சிரிக்கிற முள்ளம்பன்றிக்கு முள் நிற்குமா? அத்தனையும் படுத்துவிட்டன. அது நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தது. ஓங்கி மிதித்தது.

கடகட கடகட என்று பாலத்துப் பலகைகள் அதிர்ந்தன. டிரிங் டிரிங்! சிவப்பு சைக்கிள் அக்கரை ஏறி, மூங்கில் புதருக்குப் பின்னால் மறைந்தது.

கூரப்பன் அசையாமல் நின்றது. நரியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

டாங்! டாங்! டாங்!

கூரப்பனின் வாயிலிருந்து கிழங்கு தெறித்து விழுந்தது. "என் மக! அது என் மக அடிக்கிற மணி!" என்று காடே அதிரக் கத்தியது. வண்டியிலிருந்த குட்டிகள் ஹோவென்று கூவி, தங்கள் சட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடின. நரியின் கையில் வெறும் மூடிதான் மிஞ்சியது.

அடுத்த சந்தையில் முயலும் தன் குட்டிக்கு ஒரு சைக்கிள் வாங்கியது. புல்வெளியில் அது "பார்த்து! பார்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், கூரப்பன் ஓடிப்போய் அதன் வாயில் ஒரு கிழங்கைச் செருகியது.

பிள்ளைகளைத் தைரியமாக வெளியே அனுப்ப நினைக்கிறவர்கள், தங்கள் பயத்தை முதலில் தாங்களே மென்று விழுங்கிவிட வேண்டும்.