புலி வந்த அன்று கூப்பிட்ட பெயர்

காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு பெரிய மருதமரம். மரத்தின் மேலே மந்திகள் வாழ்ந்தன. கீழே புள்ளிமான்கள் மேய்ந்தன.

மந்திகள் எந்த இலையையும் முழுதாகத் தின்பதில்லை. பாதியைத் தின்று பாதியைக் கீழே போடும். கோடையில் புல் காய்ந்துபோனால் மான்களின் வயிறு நிறைவது அந்த எச்சில் இலையால்தான். மான்களும் சும்மா தின்னவில்லை. புதருக்குள் பதுங்கும் புலியை மந்தியின் கண் தவறவிடும். மானின் மூக்கு விடாது. காற்று மாறி அடிக்கும்போது மானின் மூக்கு ஏமாறும். உச்சிக்கிளையில் இருக்கும் மந்தியின் கண் ஏமாறாது. இப்படி ஒருவர் குறையை மற்றவர் நிறைத்து வாழ்ந்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புலியைக் கண்டவர் 'புலி' என்று சொல்லக் கூடாது. பெயரைச் சொன்னால் அது இருக்கும் இடத்துக்கே வந்துவிடும் என்று பயம். அதனால் முதலில் கண்டவர், காட்டைப் படைத்தவனைக் கூப்பிடுவார். அந்தக் குரல் காதில் விழுந்தவர் எல்லோரும் ஓடுவார்கள்.

மான்கள் "மேலிருப்பவனே!" என்று கூப்பிடும். படைத்தவன் ஒருவன், அவனுக்கு உருவம் இல்லை, அவன் யாரையும் பெறவில்லை, அவனையும் யாரும் பெறவில்லை, எல்லாவற்றுக்கும் மேலே இருந்து பார்க்கிறான் என்பது மான்களின் நம்பிக்கை. அவை மலையைப் பார்த்து நெற்றி மண்ணில் பட வணங்கும்.

மந்திகள் "இறங்கி வந்தவனே!" என்று கூப்பிடும். படைத்தவன் ஒருவன்தான், ஆனால் மேலே இருக்கப் பொறுக்காமல் இறங்கி வந்தான், ஒரு மந்தியாகவே வாழ்ந்தான், மற்றவர்களுக்காகத் தன்னைச் சிறுத்தையிடம் கொடுத்தான் என்பது அவற்றின் நம்பிக்கை. மருதமரத்தின் அடியில், அவன் ரத்தம் சிந்தியதாகச் சொல்லப்படும் சிவந்த ஓர் இடம் இருந்தது. அங்கே மந்திகள் கைகூப்பி நிற்கும்.

எந்தக் குரல் கேட்டாலும் மான்களும் ஓடின, மந்திகளும் ஏறின. யாரைக் கூப்பிட்டாய் என்று யாரும் நின்று கேட்டதில்லை. நின்று கேட்க அப்போது நேரம் இருக்காது.

அந்த மான்கூட்டத்தில் சுனை என்று ஒரு பெண்மான் இருந்தாள். ஒரு கோடையில் காட்டுத்தீயின் புகை அவள் மூக்கைக் கெடுத்துவிட்டது. பூவும் தெரியாது, புலியும் தெரியாது. அவளுடைய முதல் குட்டியைச் செந்நாய்கள் கொண்டுபோயின. இரண்டாவது வெள்ளத்தில் போயிற்று. மூன்றாவதாக ஒருவன் பிறந்தான். நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்ததால் அவனுக்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள்.

மரத்தில் அத்தி என்ற மந்தி அவளுக்குத் தோழி. அத்தி பெற்ற ஒரே பிள்ளை பிறந்த மாதமே போய்விட்டது. அதன்பிறகு அவள் நாள் முழுவதும் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து பொட்டுவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உன் பிள்ளைக்கு மரியாதையே இல்லை. என்னைப் பார்த்து முறைக்கிறான்" என்பாள் அத்தி.

"நீ போடுகிற இலையெல்லாம் அவன் தலையிலேயே விழுகிறது. முறைக்காமல் கும்பிடுவானா?" என்பாள் சுனை.

"குறி பார்த்துத்தான் போடுகிறேன்" என்பாள் அத்தி.

ஒருநாள் வயதான மந்தி ஒன்று காய்ந்த கிளை முறிந்து விழுந்து இறந்தது. துக்கத்துக்குச் சுனையும் போனாள். மரத்தடியில் நின்று, தனக்குத் தெரிந்தபடி மலையைப் பார்த்து மண்ணில் நெற்றி வைத்தாள்.

அங்கே நின்ற ஓர் இளம் ஆண்மந்தி, "யாரைக் கும்பிட்டாய்?" என்று கேட்டான்.

"காட்டைப் படைத்தவனை."

"உங்களவனையா, எங்களவனையா?"

"ஒருவன்தானே?" என்றாள் சுனை.

அவள் வாதம் செய்யவில்லை. துக்கவீட்டில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் மரத்தின் உச்சிவரை ஏறியது. புல்வெளியின் கடைசிவரை ஓடியது. நடுப்பகலுக்குள் இரண்டு கூட்டமும் அதையே பேசிக்கொண்டிருந்தன.

கேள்வி சின்னதல்ல. கேட்டவர்கள் கெட்டவர்களும் அல்ல. காடு ஒன்றுதான், அதை இரண்டு பேர் படைத்திருக்க முடியாது, ஆகவே இருவரும் வணங்குவது ஒருவனைத்தான் என்றார்கள் சிலர். இறங்கி வந்தான் என்கிறவனும் இறங்கவே இல்லை என்கிறவனும் ஒருவனாக எப்படி இருக்க முடியும் என்றார்கள் வேறு சிலர். ஒரே மலையைக் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பார்ப்பது போல என்று ஒரு கிழமான் சொன்னது. மலை தன்னைப் பற்றி என்ன சொன்னது என்பதுதான் கேள்வி, நாம் எங்கே நிற்கிறோம் என்பதல்ல என்று ஒரு மந்தி மேலிருந்து பதில் சொன்னது. இரண்டும் நல்ல பேச்சுதான். பேச்சோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

மான்களின் தலைவர் கவைக்கொம்பர். ஒருமுறை செந்நாய்க் கூட்டத்தின் முன் தனியாக நின்று குட்டிகளைக் காத்தவர். அந்தத் தழும்பு அவர் விலாவில் இருந்தது. அவர் மூன்று நாள் மேயாமல் யோசித்தார். நான்காம் நாள் கூட்டத்தைக் கூட்டினார்.

"'இறங்கி வந்தவனே' என்ற குரலைக் கேட்டு நம் கால் ஓடுகிறது" என்றார். "அப்படி ஓடுகிற கால், அவன் இறங்கி வந்தான் என்று ஒப்புக்கொள்கிற கால். வாயால் மறுத்துவிட்டுக் காலால் ஒப்புக்கொள்வது பொய். இனி மந்தியின் குரல் கேட்டால் தலையைக் குனிந்து நில்லுங்கள். ஓடுகிறவர் நம் கூட்டத்தவர் அல்ல."

மேலே மந்திகளின் தலைவர் நரையனாரும் அன்றே ஒரு கட்டளை போட்டார். 'மேலிருப்பவனே' என்பது இறங்கி வந்தவனை இல்லை என்கிற சொல், அது எந்த மந்தியின் வாயிலும் வரக் கூடாது. வந்தால் அதற்குக் கிளையில் இடமில்லை.

மந்திகளால் இலை போடுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. கை பழகிவிட்டது. இலை விழுந்துகொண்டே இருந்தது. மான்கள் அதைத் தின்பதை நிறுத்தின. மரத்தடியில் இலை குவிந்து அழுகியது. கோடை வேறு. குட்டிகளின் விலா எலும்பு வெளியே தெரிந்தது.

சுனைக்குத் தூக்கம் போயிற்று. ஒரு மதியம் குளத்தில் தண்ணீர் குடிப்பது போல மரத்தின் பக்கம் ஒதுங்கினாள். அத்தி கீழே பார்க்காமலே பேசினாள்.

"நான் கூப்பிட்டால் நீ ஓடிவிடு. மற்றவர்கள் நிற்கட்டும்" என்றாள்.

"ஓடினால் கூட்டம் என்னைத் தள்ளிவிடும். மூக்கில்லாத மானும் பால்குடிக் குட்டியும் தனியாக எத்தனை நாள் இருக்க முடியும், அத்தி?"

அத்தி கையை நீட்டி ஓர் இலையைப் பறித்தாள். கடிக்காமலே கீழே போட்டாள். அது பொட்டுவின் தலையில் விழுந்தது. அவன் முறைத்தான். இருவரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை சுனை தன் பிள்ளைக்குப் பாடம் சொன்னாள். கூட்டத்தில் இருந்தால்தான் உயிர் இருக்கும். கூட்டத்தில் இருக்க வேண்டுமானால் கட்டளையை மீறக் கூடாது. மந்தியின் குரல் கேட்டால், அது என்ன சொன்னாலும், தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும்.

"அத்தி சித்தி கூப்பிட்டாலுமா?" என்று கேட்டான் பொட்டு.

சுனை அவன் நெற்றிப் புள்ளியை நக்கிக் கொடுத்தாள்.

"அத்தி சித்தி கூப்பிட்டாலும்" என்றாள்.

அவன் நல்ல பிள்ளை. அம்மா சொன்னதை இரண்டு நாள் தனக்குத்தானே பழகிப் பார்த்தான். மரத்தில் யார் இருமினாலும் தலையைக் குனிந்துகொண்டான்.

கட்டளை போட்ட ஏழாம் நாள் காலை காற்று மாறி அடித்தது. மான்களின் பக்கமிருந்து கரையோரக் கோரைப் புல்லை நோக்கி வீசியது. எந்த மானின் மூக்குக்கும் எதுவும் எட்டவில்லை. கூட்டம் கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பொட்டு சற்றுத் தள்ளி, கோரைப் புல் ஓரமாக நின்றான். புல்லுக்குள் மஞ்சளாக ஒன்று நகர்ந்தது. உச்சிக்கிளையிலிருந்து அத்தி அதைக் கண்டாள்.

"இறங்கி வந்தவனே!" என்று அலறினாள்.

மான்கள் எல்லாம் தலையைக் குனிந்தன. ஒன்றும் ஓடவில்லை.

சுனை மட்டும் தலையைத் தூக்கினாள். அக்கம்பக்கம் பார்த்தாள். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. கவைக்கொம்பரின் கண் அவள்மேல் இருந்தது. அவள் மெல்லத் தலையைக் கீழே இறக்கினாள்.

அத்தி மறுபடி கூப்பிட்டாள். யாரும் அசையவில்லை. புல்லின் மஞ்சள் இன்னும் இரண்டு அடி நகர்ந்தது. அத்தி தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். நரையனார் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் தாழ்ந்த கிளைக்குக் குதித்து, தொண்டை கிழிய, மான்களின் சொல்லால் கூப்பிட்டாள்.

"மேலிருப்பவனே!"

கூட்டம் திகைத்தது. கேலி செய்கிறார்கள் என்றது ஒரு மான். ஒரு மூச்சு விடும் நேரம் வீணானது. ஆனால் சுனைக்குப் புரிந்துவிட்டது. தன் கிளையைத் தொலைத்துவிட்டு யாரும் கேலி செய்ய மாட்டார்கள். "ஓடு, பொட்டு!" என்று கத்திக்கொண்டு பிள்ளையை நோக்கிப் பாய்ந்தாள். மற்ற மான்கள் சிதறி ஓடின.

பொட்டு ஓடவில்லை. அவனுக்குக் கேட்டது அத்தி சித்தியின் குரல். மந்தி என்ன சொன்னாலும் தலையைக் குனிய வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவன் தலையை நன்றாகக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, நல்ல பிள்ளையாக நின்றான்.

சுனை போய்ச் சேர்ந்தபோது கோரைப் புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மதியமே மந்திகள் அத்தியை மரத்தைவிட்டு இறக்கிவிட்டன. யாரும் அவளை அடிக்கவில்லை. அவள் உட்காரும் கிளையில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அவள் குளத்தின் மறுகரையில் இருந்த ஒரு பட்டமரத்தில் போய் உட்கார்ந்தாள்.

கவைக்கொம்பர் சுனையிடம் வந்தார். அவர் குரல் தளர்ந்திருந்தது. "மேலிருப்பவன் கொடுத்தான், அவனே எடுத்துக்கொண்டான், மகளே" என்றார்.

"எடுத்தது புலி, பெரியவரே" என்றாள் சுனை. "அவன் கொடுத்ததை நான் சொல்கிறேன். எனக்கு மூக்கு போனபோது, மரத்தின் மேலிருந்து ஒரு குரலைக் கொடுத்தான். அதைத்தான் நாம் வேண்டாம் என்றோம். என் பிள்ளைக்கு அதை நானே சொல்லிக் கொடுத்தேன்."

கவைக்கொம்பர் தன் விலாத் தழும்பை நக்கிக்கொண்டு திரும்பிப் போனார். கட்டளையை அவர் மாற்றவில்லை. மாற்றினால் குட்டி செத்தது வீண் என்றாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

சுனை கூட்டத்தைவிட்டுப் பட்டமரத்தடிக்குப் போனாள். அங்கே நிழல் இல்லை, இலையும் இல்லை. காலையில் அவள் மலையைப் பார்த்து மண்ணில் நெற்றி வைப்பாள். மேலே அத்தி கைகூப்புவாள். இருவரும் ஒரே நெற்றிப் பொட்டை நினைத்துத்தான் அழுதார்கள்.

ஒருநாள் அத்தி கேட்டாள்: "சுனை, நீ கும்பிடுகிறவனும் நான் கும்பிடுகிறவனும் ஒருவன்தானா?"

"அன்றைக்கு ஒருவன்தான் என்று சட்டென்று சொல்லிவிட்டேன்" என்றாள் சுனை. "இப்போது தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது."

"இருந்தாலும் நீ கூப்பிட்டால் நான் ஓடுவேன்."

அத்தியின் கை தானாகக் கிளையைத் தடவியது. கீழே போடுவதற்கு ஓர் இலைகூட அதில் இல்லை.

கூட்டம் இல்லாத மானும் கூட்டம் இல்லாத மந்தியும் நெடுநாள் இருப்பதில்லை. அடுத்த மழை வருவதற்குள் பட்டமரத்தின் மேலும் யாரும் இல்லை, கீழும் யாரும் இல்லை. மருதமரத்தடியில் மட்டும் அந்தக் கேள்வி தீரவில்லை. மேலே பாதிப்பேர், கீழே பாதிப்பேர், இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புலி இப்போதெல்லாம் பதுங்குவதில்லை. அது நேராக நடந்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறது. இறந்தவர்கள் யாரைக் கூப்பிட்டார்கள் என்று அது ஒருநாளும் கேட்டதில்லை.

நீதி: அயலான் வணங்குகிறவனும் நாம் வணங்குகிறவனும் ஒருவனா என்பது வாழ்நாளெல்லாம் பேசித் தீராத கேள்வியாக இருக்கலாம், ஆனால் நம் பிள்ளையைக் காக்க அந்த அயலான் கூப்பிடும்போது செவியை மூடிக்கொள்கிறவர்கள், தாங்கள் வணங்குகிறவன் கொடுத்த உதவியைத்தான் தள்ளிவிடுகிறார்கள்.